வைகைக்கு வடக்கே வாருங்கள்

"ரெண்டு நாள் மதுரை வருகிறேன். கோயில், மகால் எல்லாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று. நவீன மதுரை என்று ஒன்று இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 'இருக்கிறதா'தான் என்னை எழுத வைத்தது.

அநேகமாக டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் தங்குவீர்கள். காலையில் கோயில், ராத்திரி கறிதோசை, மறுநாள் ரயில். அந்த நாலு தெருவுக்குள்ளேயே சுற்றினால் புது மதுரை எங்கே கண்ணில் படும்? வைகை மேலிருக்கிற ஏ.வி. பாலத்தைத் தாண்டிக் கோரிப்பாளையம் வாருங்கள். புதிதாக வந்தவற்றில் முக்கால்வாசி ஆற்றுக்கு வடக்கேதான் இருக்கிறது. (கோயிலுக்கு விரோதி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறவன்தான் நான்.)

என் மச்சினனும் இதே கேள்வியோடுதான் வந்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. "மாமா, ஜிகர்தண்டாவும் குடிச்சாச்சு. இனி என்ன இருக்கு உங்க ஊர்ல?" எனக்குச் சுருக்கென்றது. ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு புதுநத்தம் சாலைக்குப் போனேன். 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், 2 லட்சம் சதுர அடிக்கு மேல். "எங்க ஆபீஸே இதைவிடப் பெரிசு" என்றான். உள்ளே போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்; காலடியில் சாப்பாட்டுக் கூடை, உள்ளங்கையில் பேனாவால் எழுதிய ஆண்டுகள். அதற்கப்புறம் ஆபீஸ் பேச்சு வரவில்லை. அப்படியே 7.3 கிலோமீட்டர் நத்தம் சாலை மேம்பாலத்தில் ஏறி, செட்டிகுளத்தில் இறங்கித் திரும்பினோம். பெட்ரோல் என் கணக்கு.

வீட்டுக்கு வந்தால் அம்மா, "என் கண்ணைக் காட்டினியாடா?" என்றார். விஷயம் இதுதான். 1976-இல் டாக்டர் வெங்கடசாமி, 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், 11 படுக்கையோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. கண்புரைக்கு வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து யானை விலைக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், 1992-இல், ஆரோலேப் என்று ஆரம்பித்து அதை இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். அம்மாவுக்கு வைத்ததும் அதுதான். மச்சினன் போன் டார்ச்சை அடித்துப் பார்த்தான்.

"ஒண்ணும் தெரியலையே அத்தை?"

"எனக்குத் தெரியுதுல்ல, அது போதும். லைட்டை அணை."

ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்க்கச் சொல்கிறான் என்று சிரிக்காதீர்கள். மால் வேண்டுமென்றால் சொக்கிகுளத்தில் இருக்கிறது; ஆனால் அதைப் பார்க்க மதுரைக்கு எதற்கு வர வேண்டும்?

நவீனம் என்று பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவைக் குழாய் பதிக்கவென்று மூன்று தடவை தோண்டி மூடிவிட்டார்கள். மூன்றாவது பள்ளத்தில் ஸ்கூட்டர் இறங்கி, முன் ஃபோர்க் வளைந்து, 1,800 ரூபாய் போனது. யாரிடம் போய்க் கேட்பது?

சரி, கிளம்புவதற்கு முன்னால் தமுக்கம் மைதானத்தில் அந்த வாரம் என்ன நடக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். புத்தகத் திருவிழா சமயமாக அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம்; ஒரு சாயங்காலம் முழுக்க அங்கேயே போய்விடும்.