சாதுவான லாப்ரடார் வெளியாளைக் கண்டால் மட்டும் உறுமுவது ஏன்?

வீட்டில் யார் என்ன செய்தாலும் பேசாமல் கிடக்கும் உங்கள் லாப்ரடார், கேஸ் சிலிண்டர் போடுபவர் வந்தால் மட்டும் உறுமுகிறது, குணம் மாறிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறவில்லை. லாப்ரடார் காவலுக்கென்று உருவான இனமில்லை. வேட்டைக்காரர் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய பறவையைக் கவ்விவந்து அவரிடம் கொடுக்கப் பழக்கிய இனம். ஆனாலும் தன் இடம், தன் ஆட்கள் என்ற உணர்வு பெரும்பாலான நாய்களுக்கு உண்டு. வளர்ந்து முதிர்ந்த பிறகுதான் அது நன்றாக வெளிப்படும்.

சிலிண்டர்காரர் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். குரைத்ததால்தான் போனார் என்று அது பழகிக்கொள்ளும். அடுத்த முறை சத்தம் கூடும்.

உடம்பைக் கவனியுங்கள். இடுப்பும் சேர்ந்து தளர்வாக வால் ஆடினால் பெரும்பாலும் பயமில்லை. வாயை மூடி, உடம்பு விறைத்து, ஆளையே வெறித்துப் பார்த்தால் உடனே வேறு அறைக்குக் கூட்டிப்போங்கள். வால் ஆடுகிறதே என்று மட்டும் நம்பாதீர்கள், விறைத்த வாலும் ஆடும்.

உறுமியதற்காகத் தயவுசெய்து அடிக்காதீர்கள். உறுமல் ஒரு எச்சரிக்கை. அதை அடக்கினால் அடுத்து எச்சரிக்காமலே கடிக்கலாம். பதிலாக, மணி அடித்ததும் அதன் பாயில் போய் உட்காரப் பழக்கி, உட்கார்ந்தவுடன் ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறி கொடுங்கள், எலும்பில்லாமல்.