கோபமும் பயமும் அதிகமுள்ள சின்னப் பிள்ளைகளுக்கு விசேட கல்வி வகுப்பில் எப்படிக் கற்பிப்பது?

கொழும்பில் ஒரு பாடசாலையின் விசேட கல்வி அலகுக்குப் புதிதாக வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எழுதச் சொன்னால் அழுகை, கூப்பிட்டால் ஓட்டம், கோபம் வந்தால் அடி, இதற்குள் பாடம் எப்படி என்று கேட்கிறீர்கள். நானும் இங்கே ஆரம்பப் பிரிவில் இதே வேலையில் இருப்பவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிள்ளை கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் எதுவும் மண்டையில் ஏறாது. "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று அப்போது கேட்டால் அதற்கே பதில் தெரியாது. குரலைத் தாழ்த்தி, "டீச்சர் இங்கதான் இருக்கிறன்" என்பதோடு நிறுத்துங்கள். மற்றப் பிள்ளைகளைத் தள்ளி உட்கார வையுங்கள், கத்தரிக்கோல், பென்சில் இருந்தால் எடுத்துவிடுங்கள். பேச்செல்லாம் பிள்ளை அடங்கிய பிறகுதான்.

உண்மையான வேலை அந்தக் கோபத்துக்கு முன்னால் இருக்கிறது. ஒரு சின்னக் கொப்பி வையுங்கள். சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, செய்ததால் அதற்கு என்ன கிடைத்தது என்று ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். நேரத்தையும் குறியுங்கள்.

என்னிடம் ஒரு பையன் இருந்தான், கொப்பியைக் கிழிப்பான். பிடிவாதக்காரன் என்றுதான் எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள். எழுதி வைத்துப் பார்த்தால், கதை நேரத்தில் அவன் கிழித்ததே இல்லை, கணக்கிலும் இல்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும்தான். அதுவும் முதல் வரியை எழுதி, றப்பரால் அழித்து, திரும்ப எழுதி, தாள் கறுத்து ஓட்டை விழுந்த பிறகு. முந்தைய வகுப்பில் கிழித்தவுடன் வெளியே நிற்க வைப்பார்களாம். எழுதாமல் தப்புவதுதானே அவனுக்கு வேண்டியது? தண்டனை என்ற பெயரில் அதையே கொடுத்திருக்கிறார்கள்.

பத்து வரியை இரண்டாகக் குறைத்தேன். கரும்பலகைக்குப் பதில் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி வைத்தேன். "உதவி" என்று எழுதிய மட்டை ஒன்றை மேசையில் வைத்து, கை தாளைக் கசக்கப் போகும்போது அதைத் தள்ளப் பழக்கினேன். தள்ளினால் உடனே நாம் அவனிடம் போக வேண்டும், இது முக்கியம். கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னதில் கண்ணாடியும் தேவைப்பட்டது. எழுதுவது இன்றும் அவனுக்குக் கஷ்டம்தான். கொப்பி மட்டும் தப்பிவிட்டது. பார்வை, செவிப்புலன், காலையில் சாப்பிட்டதா என்பதை எல்லாவற்றுக்கும் முன் பாருங்கள்.

கவனம் தேடிச் சத்தம் போடும் பிள்ளைக்கு இப்படி வேலையைக் குறைப்பது சரிவராது. அது நல்லபடி இருக்கும்போதே போய்ப் பேசுங்கள், சின்னச் சேட்டையைக் கண்டும் காணாமல் விடுங்கள். சில நாள் சேட்டை கூடும். அப்போது நீங்கள் தளர்ந்துவிட்டால், இன்னும் சத்தம் போட்டால் கிடைக்கும் என்று அது படித்துக்கொள்ளும்.

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் அதிகம் அமெரிக்கப் பாடசாலைகளுக்கானவை. அங்கே சட்டத்தில் இப்பிள்ளைகளுக்குத் தனி வகையே உண்டு, ஒவ்வொருவருக்கும் எழுத்தில் தனித்திட்டம் வேண்டும். நமக்கு அந்தக் கொப்பியும் அன்றைய வேலைகளை வரிசையாகப் படங்களில் காட்டும் ஒரு பட நேரசூசியும் போதும், தொடங்கலாம். விளையாட்டுப் போட்டி ஒத்திகை, ஒலிபெருக்கி என்று நாள் மாறப்போகிறதென்றால் காலையிலேயே படத்தை மாற்றிக் காட்டுங்கள். திடீர் மாற்றம்தான் பல பிள்ளைகளை உடைக்கிறது.

இரண்டு அடி போட்டால் சரியாகும் என்று பக்கத்து வகுப்பில் சொல்வார்கள். கேட்காதீர்கள். 2005ஆம் ஆண்டின் கல்வி அமைச்சுச் சுற்றறிக்கையே உடல் தண்டனை கூடாது என்கிறது. பயந்த பிள்ளைக்கு இன்னும் பயம் காட்டி என்ன கற்பிக்கப் போகிறோம்?

அப்புறம், வீடு. அம்மா வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவோடு என்ற கதைகள் இங்கே நிறைய. முறைப்பாடு சொல்ல மட்டும் போன் எடுத்தால் அம்மம்மா நம்பரைப் பார்த்தே பயப்படுவா. நல்லது நடந்த அன்றும் எடுங்கள். உங்களால் சமாளிக்க முடியாத அளவென்றால் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் உளநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். போகும்போது கொப்பியின் பிரதியையும் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் அடி விழுகிறது என்று பிள்ளை சொன்னால் குறுக்குக் கேள்வி வேண்டாம். சொன்னதைச் சொன்னபடி எழுதி அதிபரிடம் கொடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு நீங்களே நேராகவும் எடுக்கலாம், இரவிலும் எடுக்கலாம்.