டீச்சரைக் கேளுங்கள்: கோவில் மண்டபத்தில் கணினி வித்தை

கேள்வி: அன்புள்ள டீச்சர், சுங்கை சிப்புட்டில் ஞாயிறுதோறும் கோவில் மண்டபத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறேன். எல்லாரும் நான்காம், ஐந்தாம் ஆண்டு. கணினியியல் சொல்லித்தர ஆசை, ஆனால் இருப்பது ஒரே மடிக்கணினி. மாய வித்தை காட்டிச் சொல்லித்தரலாம் என்கிறார்கள். ரகசியம் தெரிந்துவிட்டால் பிள்ளைகளுக்குச் சுவை போய்விடாதா? கோவிலில் சீட்டுக்கட்டை எடுத்தால் பெரியவர்கள் என்ன சொல்வார்களோ என்றும் பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி

பதில்: நானும் உங்கள் ஊர்க்காரிதான், தங்கச்சி. சீட்டுக்கட்டு வேண்டவே வேண்டாம். பழைய நாட்காட்டியின் கெட்டித் தாளை 36 சதுரங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெள்ளை, அது போதும்.

25 துண்டுகளை ஐந்துக்கு ஐந்தாக ஒரு பிள்ளை தன் இஷ்டத்துக்கு அடுக்கட்டும். ‘இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்குவோம்’ என்று சொல்லி, வலப்பக்கம் ஒரு வரிசையும் கீழே ஒரு வரிசையும் நீங்கள் சேருங்கள். சூட்சுமம் அங்கேதான். குறுக்கிலும் நெடுக்கிலும் எந்த வரிசையை எண்ணினாலும் வெள்ளை இரட்டைப்படையாக வர வேண்டும். மூலைத் துண்டு இரண்டு பக்கத்துக்கும் தானாகப் பொருந்திவிடும். அப்புறம் திரும்பி நின்றுகொள்ளுங்கள். ஒரு பிள்ளை ஏதாவது ஒரு துண்டைப் புரட்டட்டும். உடனே குறுக்கே ஒரு வரிசையும் நெடுக்கே ஒரு வரிசையும் ஒற்றைப்படையாகிவிடும். இரண்டும் சந்திக்கும் துண்டின் மேல் விரலை வையுங்கள்!

மேடை வித்தைக்காரருக்கு ரகசியம்தான் பிழைப்பு. நமக்கோ அதுதான் பாடம். நீங்களாக முந்திக்கொண்டு சொல்லாதீர்கள், அவ்வளவுதான். திரும்பத் திரும்பச் செய்து காட்டுங்கள். எங்கள் வகுப்பில் பின்னால் பேசாமல் உட்காரும் பையன் ஒருவன், “நீங்க வச்ச வரிசையை எடுத்துட்டுச் செய்ங்க, டீச்சர்” என்றான். அந்தக் கேள்வி வந்ததும் துண்டுகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட வேண்டும். வித்தையைத் தானே செய்யத் தெரிந்த பிள்ளைக்குச் சுவை இரண்டு மடங்கு.

சரி, இதில் கணினி எங்கே? கணினிக்குள் எல்லாமே 0, 1. நம் துண்டின் வெள்ளையும் அச்சும் போல. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது ஒன்று புரண்டுவிடலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் கூடுதலாகச் சில 0, 1 சேர்த்து அனுப்புகிறார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் வார இறுதியில் ஓடவிட்ட கணக்குகள் பிழை வந்து பாதியில் நின்றுபோகும். பிழை இருப்பதை அறிகிற இயந்திரத்துக்கு அது எங்கே என்று ஏன் தெரியக்கூடாது என்று நொந்தவர், தானே திருத்திக்கொள்ளும் முறையைக் கண்டு 1950இல் வெளியிட்டார். நம் வித்தையும் பிழை இருக்கும் இடத்தைத்தான் காட்டுகிறது. இதைக் கணினி இல்லாத வகுப்புக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் நியூசிலாந்து கேண்டர்பரி பல்கலைக்கழகத்தின் டிம் பெல்.

யாராவது கட்டாயம் கேட்பார்கள்: “ரெண்டைப் புரட்டினா?” தயவுசெய்து அந்தக் கேள்வியைத் தள்ளிப்போடாதீர்கள். புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே குறுக்கு வரிசையில் இரண்டு புரண்டால் அந்த வரிசை சரியாகவே தெரியும். நெடுக்கில் இரண்டு வரிசைகள் கெட்டிருக்கும். பிழை உண்டு என்று தெரியும், இடம் தெரியாது. ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளையும் புரட்டினால் ஒன்றுமே தெரியாது. எங்கள் வகுப்பில் இதைக் கண்டுபிடித்தது ஒரு சின்னப் பெண். எந்த முறைக்கும் எல்லை உண்டென்று ஒன்பது வயதில் தானே கண்டுகொள்வது எவ்வளவு பெரிய விஷயம்!

வீட்டுப்பாடமாக மளிகைச் சாமானின் பட்டைக்குறியீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். 955 என்று தொடங்கினால் அந்த எண் மலேசியாவில் பதிந்தது. 13 இலக்கங்களில் இரண்டாவது, நான்காவது என்று ஒன்றுவிட்டு ஒன்றை மூன்றால் பெருக்கி, மற்றவற்றை அப்படியே கூட்டினால் மொத்தம் பத்தின் மடங்காக வரும். வராவிட்டால் எங்கோ தவறு.

இந்த 0, 1 ஒவ்வொன்றுக்கும் உள்ள ‘பிட்’ என்ற பெயரையெல்லாம் அடுத்த ஞாயிறு சொல்லலாம். அன்றைக்கு மனதில் நினைத்த எண்ணைச் சொல்லும் வித்தை. ஐந்து அட்டைகள், 1 முதல் 31 வரை எண்கள். முதல் எண்கள் 1, 2, 4, 8, 16. எந்த முதல் எண்களைக் கூட்டினால் ஓர் எண் வருமோ அந்த அட்டைகளில் மட்டும் அதை எழுத வேண்டும்: 19 என்றால் 16, 2, 1 என்று தொடங்கும் அட்டைகளில். பிள்ளை தன் எண் இருக்கும் அட்டைகளைக் காட்டினால், அவற்றின் முதல் எண்களைக் கூட்டிச் சொல்லிவிடலாம். 31க்கு மேல் போக என்ன செய்வது என்று அவர்களையே கேளுங்கள். ஆறாவது அட்டை எந்த எண்ணில் தொடங்கும் என்று அவர்களே சொல்வார்கள்.