41 வயதில் கல்லூரி நேர்முகம்: என்ன கேட்பார்கள், என்ன சொல்வது?

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். இலங்கையில் உயர்தரம் வரை படித்தேன். ஆறு வருடம் வீட்டில் மாமியைப் பராமரித்தேன். இப்போது மூன்று வருடமாக முதியோர் இல்லம் ஒன்றில் கெயாரர். சமூகப் பணியில் பட்டம் படிக்கும் எண்ணத்தில் அக்சஸ் டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இரண்டு வாரத்தில் நேர்முகம். புத்தகத்தைத் தொட்டு இருபது வருடமாகிறது. எப்படித் தயாராவது?

பதில்: வயதை விடுங்கள். பள்ளியை விட்டு வெகுகாலம் ஆனவர்களைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யவென்றே உண்டான படிப்பு இந்த அக்சஸ் டிப்ளோமா. நேர்முகம் செய்பவர்களுக்குத் தெரியவேண்டியது இரண்டுதான்: வேலை என்னவென்று தெரிந்து வருகிறீர்களா, ஒரு வருடம் தாக்குப்பிடிப்பீர்களா.

"ஏன் இந்தப் படிப்பு?" என்பது எப்படியும் வரும். "மற்றவர்களுக்கு உதவ விருப்பம்" என்பது வருகிற எல்லோரும் சொல்வது, அதை வைத்து ஒருவரை எடைபோட முடியாது. மாமியைப் பார்த்த ஆறு வருடத்தை எடுங்கள். நம்மவர்கள் பலர் அதை வீட்டு வேலை என்று நினைத்துச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். ஆனால் "நன்றாகப் பார்த்தேன்" என்று சொன்னால் போதாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மாமி குளிக்க மறுப்பார். வற்புறுத்தினேன், இன்னும் முரண்டு பிடித்தார். குளியலறைக் குளிரும், உடை களையும் கூச்சமும்தான் காரணம் என்று பிறகு பிடிபட்டது. முன்கூட்டியே ஹீட்டரைப் போட்டு, தோளில் துவாய் போர்த்தியபடியே கழுவிவிட்டேன். முதல் நாளே அவரிடம் கேட்டிருக்க வேண்டும்."

புள்ளி வாங்கித் தருவது அந்தக் கடைசி வரி. நேர்முகத்தில் பிழையை மறைத்தே பழகியவர்கள் நாம். இங்கே பிழையைக் கண்டு திருத்திக்கொண்டதைத்தான் தேடுகிறார்கள். இதே பாணியில் மூன்று சம்பவங்களை எழுதி, ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்துக்குள் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனப்பாடம் வேண்டாம், குறுக்குக் கேள்வி வந்தால் அறுந்துபோகும். வேலையிடத்துச் சம்பவம் என்றால் "ஒரு வயோதிபர்" போதும். பெயரோ அறை எண்ணோ வாயில் வந்தால் இரகசியம் காக்கத் தெரியாதவர் என்று குறித்துக்கொள்வார்கள்.

அடுத்து, "இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?" வகைக் கேள்விகள். நல்ல கெயாரர்களும் சறுக்குவது இங்கேதான்.

நீரிழிவு உள்ள முதியவர் ஒருவர் தினமும் கேக் கேட்கிறார் என்று வையுங்கள். "அன்பாக எடுத்துச் சொல்லி, கொடுக்காமல் விடுவேன்" என்பது நம் வீட்டுப் பதில். இங்கிலாந்தில், வேல்ஸிலும்தான், 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் வேறு மாதிரிச் சொல்கிறது: ஒருவர் புத்திசாலித்தனமற்ற முடிவை எடுத்தார் என்பதற்காக மட்டும் அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கொள்ள முடியாது. அவர் விளங்கி, நினைவில் வைத்து, யோசித்து, முடிவைத் தெரிவிக்கக்கூடியவர் என்றால் முடிவு அவருடையது. ஆபத்தை விளக்குங்கள், சிறிய துண்டு, வேறு இனிப்பு என்று மாற்றுகளைச் சொல்லுங்கள், குறிப்பில் எழுதுங்கள், பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள். திறனில் ஐயம் வந்தால் அதை மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். பறித்துவைக்காதீர்கள்.

இன்னொன்று: ஒரு சிறுமி கையிலுள்ள காயத்தைக் காட்டி, "யாரிடமும் சொல்ல மாட்டீர்கள்தானே?" என்கிறாள். அந்த வாக்கைக் கொடுக்கக்கூடாது. அமைதியாகக் கேளுங்கள், "அப்பா அடித்தாரா?" என்று பதிலை நீங்களே எடுத்துக்கொடுக்காதீர்கள். உதவக்கூடிய ஒருவரிடம் சொல்லியாக வேண்டும் என்பதை அவளிடமே சொல்லுங்கள். அன்றே, தாமதிக்காமல், பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் தெரிவித்து, அவள் சொன்ன சொற்களிலேயே திகதி, நேரத்தோடு எழுதிவையுங்கள். "தாயோடு பேசிப் பார்ப்பேன்" என்பது நல்லெண்ணத்தில் வரும் மோசமான பதில், பிள்ளைக்கு ஆபத்து கூடலாம்.

கெயாரருக்கும் சமூகப் பணியாளருக்கும் என்ன வேறுபாடு என்றும் கேட்கலாம். இங்கிலாந்தில் 'சோசல் வேர்க்கர்' (சமூகப் பணியாளர்) என்பது சட்டம் காக்கும் பணிப்பெயர். சோசல் வேர்க் இங்கிலாந்து என்ற அமைப்பில் பதிந்தவர்தான் அப்படி அழைத்துக்கொள்ளலாம். தேவைகளை மதிப்பிடுவதும், சட்டப்படி முடிவெடுத்து அதற்குப் பதில் சொல்வதும் அவர் வேலை.

நேரக் கணக்கு. டிப்ளோமா 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 10 மணிநேரக் கற்றல் என்று கணக்கு. மொத்தம் 600 மணி. 36 வாரத்தில் பிரித்தால் வகுப்பும் வீட்டுப் படிப்புமாக வாரம் கிட்டத்தட்ட 17 மணி. உங்கள் ஷிப்ட், பிள்ளைகளைக் கூட்டிவரும் நேரம் எல்லாம் போட்ட வார அட்டவணை ஒன்றைக் கையில் கொண்டு போங்கள். "எப்படியாவது சமாளிப்பேன்" என்பதைவிட அந்த ஒரு தாள் மேல்.

பல கல்லூரிகளில் அன்றே ஆங்கிலமும் கணக்கும் சோதிப்பார்கள். தினமும் ஒரு சமூகச் செய்தியை வாசித்து, அரை மணிநேரத்தில் ஒரு பக்கம் கையால் எழுதிப் பழகுங்கள். கணக்கில் சதவீதம், பின்னம், விகிதம். கடவுச்சீட்டு, வதிவிட உரிமைச் சான்று, சான்றிதழ்கள், வெளிநாட்டுச் சான்றிதழ் இங்கே எதற்கு நிகர் என்று சொல்லும் யூகே எனிக் ஒப்பீட்டுக் கடிதம் இவற்றை இப்போதே எடுத்துவையுங்கள். குற்றப்பதிவு உண்டா என்று பார்க்கும் டிபிஎஸ் சோதனைக்குக் கடந்த ஐந்து வருட முகவரிகள் இடைவெளியின்றித் தேவை. பழைய குற்றப்பதிவு ஏதாவது இருந்தால் அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்வது நல்லது.

கட்டணத்துக்கு அட்வான்ஸ்ட் லேர்னர் லோன் என்ற அரசக் கடன் உண்டு. வருமானம் பார்க்க மாட்டார்கள். பின்னர் தகுதியான பட்டப்படிப்பை முடித்தால் அக்சஸ் படிப்புக்கு வாங்கிய கடனின் மீதியைத் தள்ளுபடி செய்கிறார்கள். கட்டணத்தை எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்டால் 'குடும்பத்தோடு பேசி முடிவு செய்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருக்காமல் இதைத் தெரிந்துவைத்திருந்தால் பணப் பேச்சு சட்டென்று முடியும்.

கடைசியில் "எங்களிடம் கேட்க ஏதும் உண்டா?" என்பார்கள். இரண்டைக் கேளுங்கள். ஜிசிஎஸ்ஈ என்ற இங்கத்தைய பள்ளிப் பரீட்சையில் ஆங்கிலம், கணக்கு இரண்டிலும் 4ஆம் தரத்தையோ அதற்கு நிகரானதையோ சமூகப் பணிப் பட்டத்துக்குப் பல்கலைக்கழகங்கள் எதிர்பார்க்கும். டிப்ளோமாவோடு சேர்த்து அவற்றையும் அங்கே படிக்க முடியுமா? செப்டம்பரில் வகுப்புத் தொடங்கினால் பல்கலைக்கழகங்களுக்கான யூகாஸ் விண்ணப்பம் அடுத்த ஜனவரியிலேயே போக வேண்டும். அதில் உங்களைப் பற்றி எழுதவேண்டிய தன்விளக்கத்தை எழுத யார் உதவுவார்கள், எந்த வாரத்தில் தொடங்குவார்கள்?