முதலாண்டுப் பிள்ளைக்கு ஆய்வகத்தில் என்ன வேலை?

கேள்வி: வணக்கம் டீச்சர். நான் குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் முதலாண்டை முடிக்கப் போகிறேன். ஹானர்ஸ் திட்டத்தில் இருக்கும் சிலரை, நீண்ட விடுமுறையில் எட்டு வாரம் விரிவுரையாளரோடு ஆய்வு செய்யக் கூப்பிடுகிறார்கள். என்னைக் கூப்பிட்ட டாக்டர், செம்பனையின் அடிமரத்தை அழுகவைக்கும் கனோடெர்மா என்ற பூஞ்சை நோயை ஆராய்கிறார். அப்பா குலை வெட்டுகிறார். "லீவுக்கு வீட்டுக்கு வா, போன தடவை மாதிரி பேரங்காடியில வேலை செய், தம்பி செலவுக்கு ஆகும்" என்கிறார். அம்மாவுக்கு நான் விடுதியில் தனியாக இருப்பேனே என்று பயம். எனக்கோ, ஒன்றும் தெரியாமல் போய் அவமானப்படுவேனோ என்று இருக்கிறது. போகவா, வேண்டாமா?
தோட்டத்துப் பிள்ளை, குளுவாங், மலேசியா

பதில்: போ மகளே. ஆனால் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போ.

உன் பயத்திலிருந்து தொடங்குகிறேன், கடிதத்தில் என்னைத் தைத்தது அதுதான். முதலாண்டு மாணவியைக் கூப்பிடுகிற யாரும் அவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக் கூப்பிடுவதில்லை. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகம், மார்கரெட் மெக்விகார் என்ற இயற்பியல் அறிஞரின் முயற்சியில் 1969-லேயே இளங்கலைப் பிள்ளைகளைப் பேராசிரியர்களின் ஆய்வில் சேர்க்கத் தொடங்கிவிட்டது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கும் கேள்விகளுக்கே பழகிய பிள்ளை, யாருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியின் முன்னால் உட்கார வேண்டும். அதற்கு எவ்வளவு சீக்கிரம் பழகுகிறாளோ அவ்வளவு நல்லது.

உனக்கு ஒன்றும் தெரியாது என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆண்பூ விரிந்த செம்பனைக்குப் பக்கத்தில் நீ நின்றிருப்பாய். சோம்பு வாசனை அடிக்கும். பூவைத் தட்டினால் எள்ளு அளவில் வண்டுகள் கையில் ஏறும். அந்த வண்டு இந்த மண்ணில் பிறந்ததில்லை, தெரியுமா? அது வருவதற்கு முன்னால், மகரந்தத்தை டால்க் பவுடரில் கலந்து ஒவ்வொரு பூவுக்கும் ஆட்களே ஊதினார்கள். பாட்டி இருந்தால் கேட்டுப் பார். கேமரூனில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்த லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட அதிகாரிக்கு, அங்கே யாரும் ஊதாமலே குலை நிறையக் காய் பிடித்தது நினைவில் இருந்தது. இங்கே மட்டும் ஏன் இப்படி என்று அவர் விடாமல் கேட்டார். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் கேமரூனுக்குப் போய், அந்த வேலையைச் செய்வது இந்த வண்டுதான் என்று காட்டினார். 1981-ல் அதை மலேசியாவில் விட்டார்கள். முதலில் விட்ட இடங்களில் ஒன்று உங்கள் குளுவாங் வட்டாரம். இத்தனையும் ஒருவர் இரண்டு ஊர் மரங்களை மனத்துக்குள் ஒப்பிட்டுப் பார்த்ததில் தொடங்கியது. அந்தக் கண் உனக்கும் இருக்கிறது.

இப்போது எச்சரிக்கை. நான் படித்த காலத்தில் ஒரு விடுமுறைக்கு ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். ஆறு வாரம் குடுவை கழுவினேன். எதற்கான ஆய்வு என்று யாரும் சொல்லவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆறு வாரம் போனது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், டாக்டரைப் பார்த்து மரியாதையாகக் கேள்: தினமும் எனக்குச் சொல்லித்தருவது நீங்களா, முதுகலை மாணவரா? வாரம் ஒரு தடவையாவது உங்களைப் பார்த்துப் பேச முடியுமா? எனக்கென்று ஒரு சின்னக் கேள்வி கொடுப்பீர்களா? நல்ல ஆசிரியர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார், சந்தோஷப்படுவார். உதவித்தொகை எவ்வளவு, மாதாமாதம் வருமா கடைசியில்தான் வருமா, விடுதிக் கட்டணம் யார் கட்டுவது என்பதையும் கூச்சப்படாமல் கேட்டுவிடு.

ஏனென்றால் அப்பா கேட்பது நியாயம். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்றால் இரண்டு மாதத்துக்கு 3,400 வெள்ளி. வெயிலில் அரிவாள் கட்டிய நீளக் கம்பைத் தூக்கிக் குலை இறக்குகிற மனிதரிடம் அது சின்னத் தொகை இல்லை. "படிப்புக்கு நல்லதுப்பா" என்று மொட்டையாகச் சொல்லாதே. வரவையும் செலவையும் தாளில் எழுதிக் காட்டு. எட்டு வாரம் போக விடுமுறையில் மிச்ச வாரங்கள் இருந்தால் அதில் பேரங்காடி வேலைக்குப் போகலாம். உதவித்தொகை உன் சாப்பாட்டுக்கே போதாது என்றால், வீட்டு நிலைமையை டாக்டரிடம் சொல்லி நாலு வாரமாகக் குறைக்க முடியுமா என்று கேள். அதுவும் சரிப்படவில்லையா, இந்த வருஷம் வீட்டுக்குப் போ, "அடுத்த வருஷம் கூப்பிடுங்கள்" என்று டாக்டரிடம் இப்போதே சொல்லி வை. அதில் குற்றவுணர்ச்சி வேண்டாம்.

அம்மாவை ஒரு நாள் பஸ் ஏற்றிக் கூட்டிப் போய் விடுதியையும் கூட இருக்கப் போகும் பிள்ளைகளையும் காட்டு. பாதி பயம் அங்கேயே போய்விடும்.

ஆய்வகத்தில் முதல் நாளே ஒரு தடித்த நோட்டு வைத்துக்கொள். தேதி, செய்தது, பார்த்தது எல்லாம் பேனாவில் எழுது. தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடி, அடித்ததும் படிக்கிற மாதிரி இருக்கட்டும். நீ வளர்க்கிற பூஞ்சைத் தட்டில் வேறு பூசணம் ஏறிக் கெட்டுப்போகும், ஒரு தடவை இல்லை, பல தடவை. அதையும் எழுது. மறைக்கவே கூடாது.

இன்னொன்று. கனோடெர்மா காளான் அடிமரத்தில் வெளியே தெரிகிறபோது உள்ளே ஏற்கெனவே நிறைய அழுகியிருக்கும். அதை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. உன் அப்பா விழுந்த மரங்களை எத்தனை பார்த்திருப்பார்! சாயங்காலம் குளித்துவிட்டு அவர் தேத்தண்ணி குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேள்: அந்த மரங்கள் விழுவதற்கு முன்னால் மட்டை எப்படித் தொங்கியது, குருத்து விரியாமல் நின்றதா, குலை சிறுத்ததா, எந்தப் பக்கம் அதிகம் விழுகிறது, பழைய மரம் இருந்த இடமா? அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள். அந்தத் தாளை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடு. யார் சொன்னது என்று அப்பாவின் பேரையும் அதில் போடு.