டோக்கியோ, கியோட்டோ தவிர்த்து, ஜப்பானின் ஒரு சின்ன மலையூரின் நிலத்தையும் வரலாற்றையும் சொல்ல முடியுமா?

நகிசோவைப் பற்றிச் சொல்கிறேன். நகோயாவில் வேலை பார்த்த காலத்தில் அடிக்கடி போய்வந்த ஊர். விரைவு ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம்தான்.

நாகனோ மாகாணத்தின் தென்மேற்கில், கிசோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 4,000. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காடு. இரண்டு பக்கமும் மலை செங்குத்தாக ஏற, ஆறும் ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் இடையில் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. பெரிதாக நெல் போட இடமில்லை. ஆக, ஊர் நம்பியிருந்தது வழிப்போக்கர்களையும் மரத்தையும்தான்.

இன்றைய டோக்கியோவான எடோவிலிருந்து கியோட்டோவுக்கு மலை வழியாகப் போன நகசெண்டோ சாலையில் மொத்தம் 69 தங்கல் ஊர்கள். அவற்றில் மிதோனோவும் த்சுமாகோவும் இப்போது நகிசோவுக்குள் அடக்கம். பிரபுக்களின் பரிவாரங்கள், வணிகர்கள், யாத்ரீகர்கள் என எல்லோரும் இந்த வழியாக நடந்தார்கள். 1861இல் இளவரசி கசுனோமியா, நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனை மணக்க எடோவுக்குப் போன மாபெரும் ஊர்வலமும் இந்தப் பள்ளத்தாக்கைத்தான் கடந்தது.

மரத்தின் கதை வேதனையானது. காடு, நகோயாவிலிருந்து ஆண்ட ஓவாரி பிரபுக்களின் கையில் இருந்தது. ஹினோகி என்ற ஜப்பானிய சைப்ரஸ் உட்பட ஐந்து வகை மரங்களை ஊர்க்காரர்கள் வெட்டக் கூடாது. மரத்தை வெட்டினால் தலை போகும் என்ற பொருளில் ‘ஒரு ஹினோகிக்கு ஒரு தலை’ என்று இன்றும் சொல்கிறார்கள். கண்ணெதிரே ஜப்பானின் மிகச் சிறந்த மரம் நிற்கும், சொந்த வீட்டுக்கு ஒரு தூண் வெட்ட முடியாது. ஷோகுன் ஆட்சி முடிந்து, மெய்ஜி பேரரசர் காலத்தில் அந்தத் தடை போன பிறகு, 1877இல் த்சுமாகோவின் ஒகுயா என்ற வீட்டை முழுக்க ஹினோகியிலேயே திரும்பக் கட்டினார்கள். உள்ளே போனால் நடுவில் தரையோடு பதித்த அடுப்பு, அதன் புகை ஏறிக் கறுத்துப்போன உத்தரங்கள். குளிர்காலத்தில் மரச்சட்டங்கள் வழியாக வெயில் கோடு கோடாக அந்தப் புகையில் இறங்கும். அவ்வளவு காலம் மறுக்கப்பட்ட மரத்தால் கட்டிய வீடு என்று தெரிந்து பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

அப்புறம் ரயில் வந்தது. 1909இல் மிதோனோவில் நிலையம் திறந்தார்கள். அதுதான் இப்போதைய நகிசோ நிலையம். ஆற்றங்கரையை ஒட்டிப் போன ரயில் த்சுமாகோவை ஒதுக்கிவிட்டது. நடந்து போக ஆள் இல்லாததால் விடுதிகள் படுத்துவிட்டன, இளைஞர்கள் வெளியேறினார்கள். பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டக்கூட யாரிடமும் காசில்லை. அந்த வறுமைதான் அவற்றைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

1968இல் சீரமைப்பு தொடங்கியது. 1971இல் ஊர்க்காரர்களே கூடி, வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். இந்த வரலாற்றில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். வெளியாள் பணத்தோடு வந்து கடை போட வழியில்லாமல் செய்துவிட்டார்கள். 1976இல் நாட்டின் முதல் பாதுகாக்கப்பட்ட மரபு வீதிகளில் ஒன்றாக த்சுமாகோவை அரசு அறிவித்தது. வீதியோடு நிற்காமல் சுற்றியுள்ள மலைகளையும் சேர்த்து சுமார் 1,245 ஹெக்டேர் அந்த எல்லைக்குள் வருகிறது. அதனால்தான் தெருவில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் காடே தெரிகிறது.

நேரம் இருந்தால் மொமோசுகே பாலத்தையும் பாருங்கள். நீர்மின் நிலையம் கட்டுவதற்காக 1922இல் போட்ட 247 மீட்டர் மரத் தொங்குபாலம்.

இந்த மலைக்கு இன்னொரு முகமும் உண்டு. கனமழையில் ஓடைகள் பாறையும் சேறுமாகப் பெயர்ந்து வரும். 1953இல் அப்படி மூன்று பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாக வைத்த கல்லில் முன்னோர் கண்ட அறிகுறிகளை எழுதியிருக்கிறார்கள்: மழை வெள்ளையாகப் பெய்தால் ஆபத்து, நாள்பட்ட மழைக்குப் பின் ஓடைத் தண்ணீர் திடீரென நின்றால் ஆபத்து, சேற்றுப் பெருக்கு வருவதற்கு முன் கருகல் வாடை அடிக்கும். 2014 ஜூலையிலும் வந்தது. ஒரு சிறுவன் இறந்தான், ரயில் பாலம் அடித்துக்கொண்டு போனது.

ஆகவே ஜூன், ஜூலை மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். இலைகள் சிவக்கும் நவம்பர்தான் சரியான நேரம். 23ஆம் தேதி போனால், ஷோகுன்கள் ஆண்ட எடோ காலத்து உடையில் ஊர்க்காரர்கள் த்சுமாகோவின் பழைய சாலையில் நடக்கும் ஊர்வலத்தையும் பார்க்கலாம்.