மரத்தில் கட்டினால் கார்பன் குறையுமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: மரத்தை வெட்டிக் கட்டடம் கட்டுவது எப்படிச் சுற்றுச்சூழலுக்கு நல்லதாகும்?

பதில்: நியாயமான சந்தேகம். மரம் வளரும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து, அதிலுள்ள கார்பனைத் தன் உடம்பாக்கிக்கொள்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் பாதி கார்பன்தான். ஒரு கன மீட்டர் பைன் மரத்தில் 800, 900 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான கார்பன் அடைபட்டிருக்கும், கட்டடம் நிற்கும்வரை அது அங்கேயே இருக்கும். ஆனால் வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வளர்ந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். பழங்காட்டை அழித்துக் கொண்டுவந்த மரத்தைப் பசுமை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கேள்வி: சிமெண்டையே சூரிய மின்சாரத்தில் தயாரித்தால் போதாதா அண்ணா?

பதில்: போதாது தம்பி. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளின் புகையே இல்லை, சூளைச் சூட்டில் சுண்ணாம்புக்கல் உடையும்போது கல்லுக்குள்ளிருந்தே கிளம்புவது. மரக் கட்டடத்துக்கும் பெரும்பாலும் அஸ்திவாரம் கான்கிரீட்தான், அதை மறைக்க வேண்டாம்.

கேள்வி: தீப்பிடித்தால்?

பதில்: மெல்லிய பலகை சட்டென்று பற்றிக்கொள்ளும். கனமான உத்தரம் அப்படியில்லை. மேற்புறம் கரியாகி, அந்தக் கரியே உள்ளே சூடு போகாமல் தடுக்கும். நிமிடத்துக்கு சுமார் 0.7 மில்லிமீட்டர்தான் தீ உள்ளே இறங்கும், ஒரு மணி நேரத்தில் நாலு சென்டிமீட்டர். எரிந்த உத்தரத்தைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள்: கரி, அப்புறம் மெல்லிய பழுப்புக் கோடு, அதற்கு உள்ளே பழைய நிறத்திலேயே மரம். கரியாகப் போகும் அந்தக் கனத்தை முன்கூட்டியே கூட்டித்தான் பொறியாளர்கள் அளவு போடுகிறார்கள்.

கேள்வி: எத்தனை மாடி கட்டலாம்?

பதில்: நார்வேயில் 2019இல் 18 மாடி எழும்பியது. அமெரிக்காவின் மில்வாக்கியில் 2022இல் 25 மாடி, ஆனால் அதில் கீழ்த்தளங்களும் லிஃப்ட் சுவர்களும் கான்கிரீட்.

கேள்வி: உளுத்துப் போகாதா சார்?

பதில்: மரத்துக்குள் இருக்கும் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பிடிக்காது. ஜப்பானின் ஹோர்யூஜி மரக்கோபுரம் 1300 ஆண்டு தாண்டி நிற்கிறது. தூணின் அடிப்பக்கத்தை மட்டும் கவனியுங்கள், வெட்டுமுனைதான் தண்ணீரை உறிஞ்சும், அதைத் தரையில் படவிடாமல் இரும்புக் காலில் தூக்கி நிறுத்துங்கள். கரையானுக்குத் தனியாக மருந்து உண்டு.

கேள்வி: இடித்த பிறகு?

பதில்: எரித்தால் அத்தனை கார்பனும் காற்றுக்கே திரும்பிவிடும். முழு உத்தரமாகக் கழற்றி இன்னொரு கட்டடத்தில் ஏற்றினால் மரத்துக்குள்ளேயே இருக்கும். அதனால் இணைப்புகளைப் பசையால் ஒட்டாமல், கழற்றக்கூடிய போல்ட்டாகப் போடச் சொல்லி இப்போதே கேளுங்கள்.